பெங்களூரா மாம்பழ சிரப்

கிருஷ்ணகிரி பக்கம் பெங்களூரா என்றாலே கூழ் ஃபேக்டரிக்குப் போகிற சரக்கு என்று ஒதுக்கிவிடுகிறோம். வீட்டில் சாப்பிட செந்தூரா, மல்கோவாதான். ஆனால் சிரப் போட பெங்களூராவை அடிச்சுக்க ஆளே இல்லை. கெட்டியான சதை, நாரும் குறைவு, இனிப்போடு லேசான புளிப்பு.

1 கிலோ சர்க்கரைக்கு அரை லிட்டர் தண்ணீர். கொதிக்கும்போதே 2 எலுமிச்சையைப் பிழிந்துவிடுங்கள், பாகு பூத்துப்போகாது. விரலில் தொட்டால் பிசுபிசுவென்று ஒட்ட வேண்டும், அவ்வளவுதான். கம்பிப் பதம் வரை விட்டால் பாட்டிலில் கற்கண்டு மாதிரி உறைந்துவிடும். பாகு நன்றாக ஆறின பிறகுதான் வடிகட்டிய பழக்கூழ் அரை லிட்டர் சேர்க்கணும். சூட்டில் கொட்டினால் அந்த வாசனை போயே போச்சு! எசன்ஸ், கலர் எதுவும் வேண்டாம்.

ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்து, இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். ஒரு பங்கு சிரப்புக்கு மூன்று பங்கு ஜில் தண்ணீர்.

விலை விழுந்த வருஷம் தோப்புக்காரர்கள் பறிகூலிகூட கட்டாமல் பழத்தை மரத்திலேயே விட்டுவிடுகிறார்கள். பார்க்கவே வயிறு எரிகிறது. ஜூன், ஜூலையில் இந்தப் பக்கம் வந்தால் தோப்பிலேயே கேட்டு ஒரு கூடை வாங்கிப் போங்கள்.