தகப்பனின் காலடி கேட்கும் பிள்ளை

மார்கழியில் இலங்கை மலையகத்து ஹட்டன் பக்கம் மூடுபனி இறங்கினால் நாலு மணிக்கே லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், விளக்கேற்ற வேண்டியிருக்கும். அப்படியொரு வாரத்தில்தான் ஸ்டீபன் கிங் 1977இல் வெளியிட்ட ‘த ஷைனிங்’ நாவலை மீண்டும் வாசித்தேன். பனியால் அடைபட்ட கொலராடோ மலை விடுதியின் பேய்களைவிட, பெற்றோருடன் அங்கே குளிர்காலத்தைக் கழிக்க வரும் ஐந்து வயது டேனி டொரன்ஸ்தான் இம்முறை என் நித்திரையைக் கெடுத்தான்.

பிறர் மனத்தில் ஓடுவது டேனிக்குக் கேட்கும், வரப்போவதும் தெரியும். ஆனால் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாது. அவன் கண்ணுக்கு மட்டும் தோன்றும் டோனி காட்டுகின்றவற்றில் என்ன எழுதியிருக்கிறது என்று அறிவதற்காகவே வாசிக்கப் பழகத் துடிக்கிறான். முன்பொரு நாள், காகிதங்களின்மேல் பியரைக் கொட்டியதற்காக வெறியில் அவன் கையை முறித்தவர் தகப்பன் ஜாக். அவர் குடியை விட்டுவிட்ட பின்னரும், அந்த மனம் மறுபடி போத்தலை நாடுகிறதா என்று பிள்ளை உள்ளிருந்து கவனித்துக்கொண்டே இருக்கிறது.

இதை வெறும் அமானுஷ்யம் என்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை. எங்கள் லயத்தில் அடுத்த காம்பராவில் (அறையில்) ஒரு பையன் இருந்தான். சம்பள நாளில் அவனுடைய அப்பா தவறணையிலிருந்து திரும்பும்போது, கோயில் வளைவில் கேட்கும் இருமலை வைத்தே எவ்வளவு குடித்திருக்கிறார் என்று சொல்லிவிடுவான். சில நாட்களில் ஒன்றும் சொல்லாமல் தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு எங்கள் இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) வந்து உட்கார்ந்துகொள்வான். அவனிடம் ஏதோ சாமி இருக்கிறது என்றே என் அப்பாயி நம்பினார்.

ஸ்டான்லி குப்ரிக்கின் 1980ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் இந்த உட்செவி பெரும்பாலும் அடைபட்டுப்போகிறது. டேனியாக நடிக்கும் சிறுவன் டேனி லொயிட் ஆட்காட்டி விரலை மடக்கி மடக்கிக் கரகரத்த குரலில் டோனியாகப் பேசுவதும், அவனுடைய மூன்று சக்கர வண்டி கம்பளத்தில் ஓசையடங்கியும் வெறுந்தரையில் கடகடத்தும் ஓடுவதும் மறக்கக்கூடியவை அல்ல. ஆயினும் அவனை நாம் வெளியிலிருந்தே பார்க்கிறோம். நாவலில், விடுதியின் கொதிகலனைக் கவனிக்கத் தகப்பன் மறந்துவிட்டதை மகன் நினைவுக்குக் கொண்டுவருவதிலேயே முடிவு தங்கியிருக்கிறது. படத்திலோ பனியில் தன் கால் தடங்களின்மீதே பின்னோக்கி நடந்து தப்புகிறான். அது கெட்டித்தனம், ஞானதிருஷ்டி அன்று. கிங் தாமே திரைக்கதை எழுதிய 1997ஆம் ஆண்டுத் தொலைக்காட்சித் தொடர் டோனியை அந்தரத்தில் மிதக்கும் இளைஞனாகக் காட்டிவிடுகிறது. நாவலை மீறவில்லை, ஆனால் எனக்குப் பயமும் வரவில்லை.

2013இல் வெளிவந்த ‘டொக்டர் ஸ்லீப்’ நாவலில் டேனி வளர்ந்து, தன் ஆற்றலை மழுங்கடிப்பதற்காகவே குடிகாரனாகி, பிறகு அரும்பாடுபட்டு மீள்கிறான். அதை 2019இல் படமாக்கிய மைக் ஃபிளனகன் ஒரு காட்சியைப் பிடித்துவிட்டார். பாழடைந்த விடுதியின் மதுக்கூடத்தில் தகப்பனின் முகத்தோடு ஒருவர் கிளாஸை நீட்டுகிறார். எதிரே வளர்ந்த டேனியாக ஈவன் மக்ரெகர். நான் கிளாஸைப் பார்க்கவில்லை. அந்த நடுவயதுக்காரர் தகப்பனின் முகத்தை அளந்த விதத்தில், கோயில் வளைவுப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு நின்ற பையனே தெரிந்தான்.