வி-கிராஸுக்கு 18 போய் 16 வந்த கதை

ஒரு வழியாக வண்டி 16 இஞ்ச் ரிம்மில், 265/70 டயரில் நிற்கிறது. நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் இந்த அளவைத் தேடிப் பிடித்து மாட்டி முடிப்பதற்குள் டயர்கடைகள் மேல் வந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை. ஆளாளுக்கு ரிம்மைப் பெரிதாக்கிக்கொண்டிருக்கிற காலத்தில் ஒருத்தன் ரிம்மைச் சின்னதாக்க வேண்டும் என்று போய் நின்றால் என்ன நடக்கும் என்பதை, அதே யோசனையில் இருப்பவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

வண்டி இசுஸு வி-கிராஸ் பிக்கப், 18 இஞ்ச் மாடல். கம்பெனி அளவு 255/60 ஆர்18: டயர் அகலம் 255 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 60 சதவீதம், ரிம் 18 இஞ்ச். ஹைவேயில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் காப்பித் தோட்டம் தாண்டிக்குடிப் பக்கம். தார் ரோட்டை விட்டு இறங்கினால் உடைகல்லும் வேரும்தான். 60 சீரிஸ் டயருக்குப் பக்கச்சுவர் உயரம் 153 மி.மீ. மட்டுமே. காற்றைக் குறைத்து ஏற்றினால் கல்லுக்கும் ரிம் விளிம்புக்கும் நடுவில் ரப்பர் நசுங்கி உள்நூல் அறுந்துவிடும். குறைக்காமல் ஏற்றினால் உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் இடுப்பு கழன்றுவிடும். பக்கச்சுவரில் எலுமிச்சம்பழம் அளவுக்கு உப்பிக்கொண்டு வந்த டயரை எந்தப் பஞ்சர்கடையிலும் சரி செய்ய முடியாது, தூக்கிப் போட வேண்டியதுதான்.

வெளி விட்டத்தை அதிகம் மாற்றாமல் ரிம்மைச் சின்னதாக்கினால் அந்த இடத்தை ரப்பர் நிரப்பிக்கொள்ளும். இவ்வளவுதான் இதில் உள்ள சூட்சுமம். 255/60 ஆர்18-இன் மொத்த உயரம் 763 மி.மீ. 265/70 ஆர்16 என்றால் 777. உயரத்தில் கூடுவது இரண்டு சதவீதம்கூட இல்லை. பக்கச்சுவரோ 153-இலிருந்து 185-க்குப் போகிறது, மூன்று சென்டிமீட்டருக்கு மேல் ரப்பர் கூடுதலாகக் கிடைக்கிறது. 265/75 ஆர்16 போட்டால் 804 வரும். பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் ஐந்து சதவீதத்துக்கு மேல் உயரம் கூடுகிறது. சஸ்பென்ஷனைத் தூக்காமல் அதைப் போட்டுக்கொண்டு, மூட்டை ஏற்றி, கொண்டை ஊசி வளைவில் முழு ஸ்டியரிங் ஒடித்தால் முன் சக்கரம் மட்ஃப்ளாப்பில் உரசுமா உரசாதா என்று நினைத்துக்கொண்டே ஓட்ட எனக்கு விருப்பமில்லை.

பிரேக் இடிக்குமோ என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தி. 2016-இல் இந்த வண்டி இந்தியாவுக்கு முதலில் வந்தபோது 245/70 ஆர்16-இல்தான் வந்தது. 18 பின்னாடி வந்தது. அந்த முதல் மாடல்காரர்கள் பலர் 'லுக்' பத்தவில்லை என்று 16-ஐக் கழற்றிப் போட்டுவிட்டு 18-க்கும் 20-க்கும் போனார்கள். எனக்கு வேண்டியது அவர்கள் கழற்றிப் போட்டதுதான்.

சரி, கடைக்கு வருவோம்.

முதலில் போன கடையில் நான் சொன்னதைக் கேட்டதும் பையன் முதலாளியைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "சார், எல்லாரும் அப்சைஸ் பண்றாங்க, நீங்க டவுன்சைஸ் கேக்குறீங்க. 20 இஞ்ச் புது டிசைன் வந்திருக்கு, பாக்குறீங்களா?" என்றார் முதலாளி. தோட்டத்துக்கு என்றேன். "தோட்டத்துக்குத்தான சார், கெத்தா போய் இறங்கலாம்" என்றார். அந்த ஆளிடம் அதற்கு மேல் என்ன பேசுவது.

இன்னொரு கடையில் 16 இருந்தது, ஆனால் ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது வண்டியில் உட்காரும் முகம் எத்தனை மி.மீ. தள்ளியிருக்கிறது என்பது) பூஜ்ஜியம். கம்பெனி ரிம் பிளஸ் முப்பதுகளில் வரும். பூஜ்ஜியத்துக்குப் போனால் ஒவ்வொரு சக்கரமும் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் வெளியே தள்ளி நிற்கும். பேரிங்குக்குப் பாரம் கூடும், ஸ்டியரிங் அடிக்கும், மண்ணும் கல்லும் கதவெல்லாம் தெறிக்கும். மட்கார்டை விட்டு டயர் வெளியே நீட்டினால் போலீஸ்காரர் கை காட்டவும் அதுவே காரணமாகும். ஆஃப்செட் எவ்வளவு என்று கேட்டதற்கு, "அதெல்லாம் செட்டாயிடும் சார்" என்று பதில் வந்தது. ரிம்மைத் திருப்பிப் பாருங்கள், உள்பக்கம் 'ஈ.டி' என்று போட்டுப் பக்கத்தில் எண் அச்சாகியிருக்கும். கடைக்காரர் வாயை நம்ப வேண்டிய அவசியமே இல்லை.

அப்புறம் ஃபார்ச்சூனர் அலாய். இதைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். பழைய ஃபார்ச்சூனரின் 17 இஞ்ச் செட் செகண்ட் ஹேண்டில் தாராளமாகக் கிடைக்கிறது. "ஆறு போல்ட்டு, அதே 139.7, அப்படியே உக்காரும்ணே" என்பார்கள். போல்ட் எண்ணிக்கையும் போல்ட் வட்டத்தின் விட்டமும் (அந்த 139.7 மி.மீ.) பொருந்துவது உண்மை. ஆனால் டொயோட்டாவின் நடு ஓட்டை 106 மி.மீ., அதற்குள் நுழைய வேண்டிய இசுஸுவின் ஹப் (சக்கரம் உட்காரும் நடுக்குமிழ்) சுமார் 100. சுற்றிலும் மூன்று மி.மீ. இடைவெளி நிற்கும். அந்த இடைவெளியை அடைக்கும் ஹப் ரிங் போடாவிட்டால் ரிம் நடுவில் உட்காராது, எண்பதைத் தாண்டினால் ஸ்டியரிங் நடுங்கும். நாலு கடை ஏறி பேலன்சிங் பார்த்தாலும் அந்த நடுக்கம் போகாது. நட்டிலும் வித்தியாசம் உண்டு. டொயோட்டா அலாய்க்கு வாஷரோடு தட்டையாக உட்காரும் நட்டு, நம்முடையது கூம்பு நட்டு. தட்டை இருக்கையில் கூம்பு நட்டைப் போட்டு இறுக்கி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். மலை இறங்குகிற வண்டியில் இந்த விளையாட்டு வேண்டாம்.

கடைசியில் முதல் மாடல் வி-கிராஸ்காரர் ஒருவர் கழற்றி வைத்திருந்த 16 இஞ்ச் கம்பெனி அலாய் கிடைத்தது. ஆஃப்செட், ஓட்டை, நட்டு எல்லாம் தானாகப் பொருந்தியது. விலை பேசியது பத்து நிமிடம்.

டயர்தான் இழுத்தடித்தது. தார் ரோட்டிலும் தோட்டத்திலும் ஓடும் ஏ.டி. (ஆல்-டெரெய்ன்) டயர் இந்த அளவில் எல்லாக் கடையிலும் கிடைக்காது. 2020 ஜூனில் மத்திய அரசு புது டயர் இறக்குமதிக்கு உரிமம் வாங்க வேண்டும் என்று கட்டுப்பாடு கொண்டுவந்தது. அதற்குப் பிறகு வெளிநாட்டு டயர் கேட்டால் ஒன்று இல்லை என்பார்கள், இல்லையென்றால் வாய்க்கு வந்த விலை சொல்வார்கள். மதுரையில் ஒரு கடையில் ஃபோனில் "அஞ்சும் ஸ்டாக்ல இருக்கு, வாங்க" என்றார்கள். மலையிலிருந்து இறங்கிப் போய்ப் பார்த்தால் இருந்தது 265/65 ஆர்17. "ஒரு நம்பர்தான சார் வித்தியாசம்" என்றார் அந்தப் பெரிய மனிதர். அன்றைய டீசல் காசு வீண். அதற்குப் பிறகு எந்தக் கடையாக இருந்தாலும் டயரின் பக்கச்சுவரைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்ன பிறகுதான் வண்டியை எடுத்தேன். நீங்களும் அதையே செய்யுங்கள்.

படத்தில் மூன்று விஷயம் தெரிய வேண்டும். ஒன்று அளவு. அடுத்து லோடு இண்டெக்ஸ். பிக்கப்புக்கு இது முக்கியம், கார் டயரைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். 112 என்று இருந்தால் ஒரு டயர் 1120 கிலோ தாங்கும், 108 என்றால் 1000 கிலோ. உங்கள் பழைய டயரில் இருப்பதற்குக் கீழே போகாதீர்கள். மூன்றாவது, தயாரித்த தேதி. நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 3219 என்றால் 2019-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரம்.

இந்தத் தேதியில்தான் ஒரு தில்லுமுல்லு. வாங்கிய கடையில் டயர்களை அடுக்கி வைத்திருந்தார்கள். மேலே இருந்த டயரில் தேதி சுத்தமாக இருந்தது. அடியில் இருந்த இரண்டில் தேதியையே காணோம். முழு எண் டயரின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். புரட்டிப் போடச் சொன்னேன். "ஒரே லாட்டு சார்" என்றார்கள். பரவாயில்லை, புரட்டுங்கள் என்றேன். முனகிக்கொண்டே பையன் புரட்டினான். அந்த இரண்டும் மற்றதைவிட மூன்று வருடம் பழசு. முதலாளி கொஞ்சமும் முகம் மாறாமல், "அட, குடோன்ல மாத்தி எடுத்துட்டானுங்க" என்று சொல்லி வேறு கொண்டுவரச் சொன்னார். கொண்டுவந்தார்கள். அப்படியானால் நல்லது குடோனில் இருந்துகொண்டுதானே இருந்தது?

இன்னொரு யோசனையும் சொன்னார்கள்: பின்னாடி ரெண்டு மட்டும் ஏ.டி. போடுங்க, முன்னாடி பழசே ஓடட்டும், காசு மிச்சம் என்று. இது பார்ட்-டைம் ஃபோர் வீல் டிரைவ் வண்டி. முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் நடு டிஃபரன்ஷியல் கிடையாது. முன்னும் பின்னும் உயரம் வேறாக இருக்கும்போது 4எச் (நாலு சக்கரமும் இழுக்கும் கியர்) போட்டு இறுகின தரையில் ஓட்டினால் விசையை முன்னும் பின்னும் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும். நாலும் ஒரே அளவு, ஒரே டிசைன், ஏறக்குறைய ஒரே தேய்மானம். இதில் சமரசம் கிடையாது.

டயரை ஏற்றுவதற்கு முன் வெறும் ரிம்மை முன் சக்கரத்தில் மாட்டி, கையால் சுற்றிப் பார்க்கச் சொன்னேன். பிரேக் காலிபருக்கும் ரிம்மின் உள்சுவருக்கும் நடுவில் விரல் நுழைய இடம் இருந்தது. டயர் ஏறிவிட்டால் ரிட்டர்ன் கிடையாது என்று எல்லாக் கடையிலும் போர்டு தொங்குகிறது. அதனால் இந்த ஐந்து நிமிடத்தை விட்டுவிடாதீர்கள்.

அலைன்மென்ட் தகராறில்லாமல் முடிந்தது. சந்தோஷமாக வத்தலக்குண்டு நோக்கித் திருப்பினால் முன் இடது பக்கம் டிக் டிக் டிக் என்று சத்தம். வேகம் கூடினால் சத்தமும் கூடுகிறது. திருப்பிக்கொண்டு போனேன். "புது டயர் சார், பட்டன்ல கல்லு மாட்டியிருக்கும்" என்றார்கள். கல் எதுவும் இல்லை. "பேரிங் போயிருக்கும்" என்றார்கள். போகும்போது நன்றாக இருந்த பேரிங் அவர்கள் கடையில் வைத்தா போகும்? சக்கரத்தைக் கழற்றினால்தான் ஆச்சு என்று நின்றேன். கழற்றினார்கள். விஷயம் பளிச்சென்று தெரிந்தது: பேலன்சிங்குக்கு உள்ளே ஒட்டிய ஈயத் துண்டின் முனை, வெயிலில் காய்ச்சிய தகரம்போல் பளபளவென்று தேய்ந்திருந்தது. காலிபரில் அதே உயரத்தில் ஒரு கோடு. ரிம் சின்னதாகும்போது உள்ளே இடம் குறைகிறது. அந்த இடத்தில் ஒட்டு வெயிட்டைக் கொண்டுபோய் வைத்தால் வேறென்ன ஆகும். பெயர்த்தெடுத்து, மெலிதான துண்டுகளாக ரிம்மின் உள்விளிம்புப் பக்கம் தள்ளி ஒட்டியதும் சத்தம் நின்றது. அதற்குத் தனியாக பேலன்சிங் காசு கேட்டார்கள். கொடுக்கவில்லை.

நட்டை அவர்கள் காற்றுத் துப்பாக்கியால் மட்டும் இறுக்கி அனுப்பினார்கள். அதை நம்ப வேண்டாம். கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கி, நூறு கிலோமீட்டருக்குள் மறுபடி ஒரு தடவை பார்த்துவிடுங்கள். என் வண்டியில் இரண்டு நட்டு கால் சுற்று வாங்கியது.

காகித வேலை பற்றிக் கேட்பீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்திவிட்டது. இதே வண்டிக்குக் கம்பெனி கொடுத்த ரிம் என்பதும், டயர் மட்கார்டுக்குள் நிற்பதும் எனக்குத் தெம்பு. ஆனாலும் இன்ஷூரன்ஸுக்கு மின்னஞ்சலில் அளவைத் தெரிவித்து, பதிலையும் வாங்கி வைத்திருக்கிறேன். ஃபோனில் பேசிய பெண், "அதெல்லாம் ஒண்ணும் பிரச்சினை இல்ல சார்" என்று உடனே சொல்லிவிட்டார். எழுத்தில் வரத்தான் இழுத்தது. ஃபோனில் சொன்னது கிளெய்ம் நேரத்தில் செல்லாது, எழுத்தில் வாங்குங்கள்.

ஓட்டத்தில் என்ன மாற்றம்? மீட்டரில் 100 காட்டும்போது ஜி.பி.எஸ். முன்பு 95, 96 சொல்லும், இப்போது 97, 98. ஓடோமீட்டரும் அதே அளவு குறைத்துக் காட்டும் என்பதால், மைலேஜ் கணக்குப் போடும்போது இரண்டு சதவீதம் விழுந்த மாதிரித் தெரியும், பதறாதீர்கள். ஏ.டி. பட்டனால் ஹைவேயில் கொஞ்சம் இரைச்சல் உண்டு, வளைவில் பழைய விறைப்பு இல்லை. தோட்டத்துக்குள் காற்றை 24 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினால், முன்பு நடந்து ஏறுவதே மேல் என்று தோன்றிய பாதையில் இப்போது காப்பி மூட்டையோடு பேசிக்கொண்டே ஏறுகிறோம். தார் ரோட்டுக்கு வந்ததும் 32. சின்னதாக ஒரு கம்ப்ரஸர் வண்டியிலேயே இருக்கட்டும்.

ஸ்டெப்னிக்கும் அதே 16, அதே டயர் வாங்குங்கள். நாலு போதும் என்று கடையில் சொல்வார்கள். மலையில் பஞ்சராகி 18-ஐ மாட்டினால் 4எச் போட முடியாது, அது தேவைப்படுவதே அங்கேதான். பழைய 18 செட்டுக்கு அந்தக் கடையில் சொன்ன எக்ஸ்சேஞ்ச் விலையைக் கேட்டு அப்படியே வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். விளம்பரம் கொடுத்த அன்று சாயங்காலமே ஒரு தம்பி வந்து, அதைப்போல இரண்டு மடங்கு கொடுத்து வாங்கிப் போனார். அவர் வண்டி முதல் மாடல், 16 இஞ்ச்.