பிசுபிசுப்பு இல்லாத ஊர்

ஜனவரி 6
ஓய்வுக்குப் பிறகு எங்கே குடியிருப்பது என்ற பேச்சு மறுபடி கிளம்பியது. இவருக்குப் பிசுபிசுப்பு ஆகாது. "மழை கம்மியான ஊரா பார்த்துடுவோம், அவ்வளவுதானே?" என்கிறார். அவ்வளவு லேசா! பெருவின் தலைநகர் லிமா பாலைவனத்தில்தான் இருக்கிறது. மழை என்று பெயருக்குத்தான். ஆனால் பக்கத்துக் கடலில் ஹம்போல்ட் குளிர் நீரோட்டம் ஓடுவதால் குளிர்காலம் முழுக்க மேகமூட்டம், மூடுபனி, நசநசப்பு. மழைக்கணக்கை மட்டும் பார்த்துப் போனால் அங்கே போய் முழிக்க வேண்டியதுதான்.

ஜனவரி 9
ஈரப்பதச் சதவீதமும் ஏய்க்கிறது. 15 டிகிரியில் 60 சதவீதம் என்றால் பனிநிலை, அதாவது காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை, 7 டிகிரியை ஒட்டி இருக்கும். காற்று சுகமாகவே இருக்கும். 32 டிகிரியில் அதே 60 என்றால் பனிநிலை 23-ஐத் தாண்டிவிடும், சட்டை முதுகில் ஒட்டும். வியர்வை காய்ந்தால்தானே உடம்பு குளிரும்?

இவருக்குப் புரியவைக்க எவர்சில்வர் தம்ளரில் தண்ணீர் ஊற்றி, ஐஸ் துண்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கலக்கினேன், உள்ளே தெர்மாமீட்டரோடு. பளபளவென்றிருந்த தம்ளர் ஒரு கட்டத்தில் வெளியே ஈரம் படிந்து மங்கியது. இவர் விரலால் தேய்த்தார், கோடு விழுந்தது. அப்போது தண்ணீர் இருந்த சூடுதான் பனிநிலை. 22. "அதான் நேத்து தூக்கமே வரலையா!" என்றார். இனி எந்த ஊரானாலும் இந்த எண்தான் முதலில். 15-க்குள் இருந்தால் நிம்மதி, 21-க்கு மேல் போனால் வேண்டாம்.

ஜனவரி 15
வறட்சி மட்டும் போதாது. அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் வறண்ட ஊர்தான். 2023 கோடையில் தொடர்ந்து 31 நாள் 43 டிகிரிக்கு மேல் கொளுத்தியது. வறண்டும் இருக்க வேண்டும், உயரத்திலும் இருக்க வேண்டும். 1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும். எரித்திரியாவில் செங்கடலோர மசாவா வெந்து புழுங்கும். அங்கிருந்து நேர்க்கோட்டில் 100 கிலோமீட்டர்கூட இல்லாத அஸ்மாரா சுமார் 2,300 மீட்டர் உயரத்தில் இதமாக இருக்கிறது. அங்கே போகப் போவதில்லை, கணக்குக்குச் சொன்னேன். இந்த வயதில் அவ்வளவு உயரம் எனக்குச் சரிப்படாது. 1,500 மீட்டரோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஜனவரி 22
வறண்ட காற்றில் மூக்கு காயும், கண் உறுத்தும். வியர்ப்பதே தெரியாது, வயதானால் தாகமும் சரியாக எடுக்காது. சிறுநீரகக் கல் வந்தவர் இவர். தண்ணீர் குடிக்கச் சொல்லி நான்தான் பின்னாலேயே அலைய வேண்டும்.

பிப்ரவரி 2
குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா என்பதே பெரிய கேள்வி. 2018-ல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் ஒருவருக்கு நாளைக்கு 50 லிட்டர்தான் என்று கட்டுப்பாடு வந்தது. அணை நிலவரம், நிலத்தடி நீர் இரண்டையும் பார்க்காமல் வீடு வாங்குவதில்லை என்றேன். மறுபேச்சில்லை.

பிப்ரவரி 5
முதலில் வாடகைக்கு இருந்து பார்ப்பதாக முடிவு. எந்த மாதம் என்பதில்தான் சண்டை. இவர் நல்ல சீசனில் போகலாம் என்கிறார். அந்த ஊரின் ஆக மோசமான மாதத்தில்தான் போக வேண்டும் என்கிறேன் நான்.