ஆய்வேட்டைப் பின்னிணைப்பிலிருந்து படியுங்கள்

முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்துவிட்டு, முன்னாய்வுகளை எங்கே தேடுவது என்று கேட்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். ஷோத்கங்காவில் உங்கள் துறையோடு நின்றுவிடாதீர்கள். குஜராத்தின் காந்திநகரில் உள்ள இன்ஃபிளிப்நெட் மையம் இணையத்தில் நடத்தும் ஆய்வேட்டுக் களஞ்சியம் அது. ஆய்வேட்டின் மின்படியையும் ஒப்படைக்க வேண்டும் என்று 2009-இல் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) விதி கொண்டுவந்த பிறகு வேகமாக வளர்ந்தது. அதற்கு முந்தைய அச்சுப்படிகளையும் பல பல்கலைக்கழகங்கள் ஸ்கேன் செய்து ஏற்றியிருக்கின்றன. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம்.

என் ஆய்வு கண்மாய் சார்ந்த வழக்காறுகள் பற்றியது. தமிழ்த்துறை ஆய்வேடுகளில் மழைச்சடங்கும் பாட்டும் கிடைத்தன. வரலாற்றுத்துறைக்குப் போனால் உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்லும், ஏரியைக் கவனித்த ஊர்க்குழுவான ஏரி வாரியம். பொறியியலில் மடை, மிகுநீர் வழியும் கலுங்கு, வண்டல் கணக்கு. மடை திறந்துவிடும் நீர்ப்பாய்ச்சியைப் பொருளியல் ஆய்வாளர் எத்தனை மரக்கால் நெல் கூலி என்று கேட்டிருக்கிறார். நாட்டாரியல் ஆய்வாளர் முதல் மடை திறக்கும்போது எந்தச் சாமியைக் கும்பிடுவீர்கள் என்று கேட்டிருக்கிறார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்த பிறகுதான் என் கேள்வி எனக்கே தெளிவானது.

தேடும்போது பொறுமை வேண்டும். தமிழ் ஆய்வேடுகள் பலவற்றின் தலைப்பு ஆங்கில எழுத்தில்தான் பதிவாகியிருக்கிறது, அதுவும் ஆளுக்கொரு விதமாக. ‘ழ’வுக்கு ஒருவர் ‘இசட் எச்’ போட்டிருப்பார், இன்னொருவர் ‘எல்’. நான்கைந்து எழுத்துக்கூட்டலில் போட்டுப் பாருங்கள். அப்படியும் வராவிட்டால் பல்கலைக்கழகம், துறை என்று உள்ளே போய்ப் பட்டியலையே படியுங்கள். நான் தேடாத நல்ல ஆய்வேடுகள் அப்படித்தான் கண்ணில் பட்டன.

பெரும்பாலும் ஒவ்வொரு இயலும் தனித்தனி பிடிஎஃப் கோப்பாக இருக்கும். பலரும் முன்னுரையையும் முடிவுரையையும் இறக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். நீங்கள் முதலில் பின்னிணைப்பைத் திறங்கள். இயலில் நான்கு அடி மேற்கோளாக வரும் ஒப்பாரி, பின்னிணைப்பில் முழுதாக இருக்கும். கீழே பாடியவர் பெயர், வயது, ஊர். 1980-களில் எழுபது வயதில் பாடிய ஒரு பாட்டியின் பாட்டை இன்று எந்த ஊருக்குப் போய்க் கேட்பது? ஆய்வாளரின் முடிவு நாளை மாறலாம். அந்தப் பாட்டு இனி வேறெங்கும் கிடைக்காமல் போகலாம். எடுத்தாளும்போது தொகுத்தவர் பெயரையும் ஆண்டையும் கட்டாயம் குறிப்பிடுங்கள். யுஜிசியின் 2018 விதிப்படி, பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 விழுக்காட்டைத் தாண்டினாலே திருத்தித் தரச் சொல்வார்கள். 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும்.

எம்.ஃபில். ஆய்வேடுகளையும் எம்.ஏ. திட்டக்கட்டுரைகளையும் இணையத்தில் தேடிப் பயனில்லை. பெரும்பாலானவை துறை நூலக அலமாரியில்தான் இருக்கின்றன. ஒரே ஊரை, ஒரே கோயிலை எடுத்துக்கொண்டு எழுதிய சின்ன ஆய்வுகள் அங்கேதான் அதிகம். யுஜிசியின் 2022 விதிகளோடு எம்.ஃபில். பட்டமே நின்றுவிட்டது, ஆகவே அந்த வரிசையில் இனிப் புதிது சேராது. துறைத்தலைவரிடம் அனுமதி வாங்கி, தேவையான பக்கங்களைப் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஆய்வேட்டை யுனிகோடிலேயே தட்டச்சு செய்யுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பில் ‘கண்மாய்’ என்று தேடினால் ஒன்றும் வராது. ஒப்படைக்கும்போது தலைப்பைத் தமிழ் எழுத்திலும் பதியச் சொல்லி நூலகரிடம் கேளுங்கள். பக்கம் கூடுகிறது என்று பின்னிணைப்பை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.