கடை முகவரி

அப்பாவுக்குக் காசநோய் என்று தெரிந்த அன்று அம்மா செய்த முதல் காரியம், அவருடைய தட்டையும் டம்ளரையும் தனியே எடுத்து வைத்ததுதான். நானும் தடுக்கவில்லை. என் நான்கு வயது மகளைத் தூக்கிக்கொண்டு உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அதற்கு முந்தைய இரண்டு மாதமும் அவர் இருமிக்கொண்டேதான் அவளை மடியில் வைத்துச் சோறு ஊட்டினார். அப்போது எங்கள் யாருக்கும் பயம் இல்லை.

அந்த இரண்டு மாதமும் ஒரு தனியார் கிளினிக்கில் கரைந்தது. சளி என்றார்கள், அலர்ஜி என்றார்கள், வயது என்றார்கள். ஒவ்வொரு முறையும் புது மருந்துதான் வந்ததே தவிர, சளியை எடுத்துப் பாருங்கள் என்று யாரும் எழுதித் தரவில்லை. எடை 44 கிலோவுக்கு இறங்கிய பிறகுதான் அரசு மருத்துவமனைக்குப் போனோம்.

மூடி போட்ட சிறிய பிளாஸ்டிக் டப்பா ஒன்றைக் கொடுத்தார்கள். அப்பா அதில் துப்பித் தந்ததை ஆய்வகப் பெண் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஐயா, இது வாயிலிருந்து வந்தது. எனக்கு நெஞ்சிலிருந்து வர வேண்டும்" என்று புது டப்பாவை நீட்டினார். மறுநாள் விடிகாலையில் அப்பா மொட்டை மாடிக்குப் போய், வாய் கொப்பளித்து, மூச்சை ஆழமாக இழுத்து இழுத்து இருமினார். கீழே அடுப்படியில் எனக்குக் கேட்டது. கெட்டியாக, மஞ்சளாக வந்தது அன்றைக்குத்தான். அதை இயந்திரத்தில் வைத்து இரண்டு மணி நேரத்தில் சொல்லிவிட்டார்கள்: கிருமி இருக்கிறது, ஆனால் ரிஃபாம்பிசின் என்ற முக்கியக் காசநோய் மருந்துக்குக் கட்டுப்படும் கிருமி. இரண்டாவது பாதிதான் நல்ல செய்தி என்பது அப்போது எங்களுக்குப் புரியவில்லை.

மருந்து தொடங்கிய மூன்றாம் நாள் சுகாதாரப் பணியாளர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். எனக்குத் தங்கை வயது. கையில் படிவம். யார் யார் ஒரே தட்டில் சாப்பிட்டீர்கள் என்று கேட்பார் என நினைத்திருந்தேன். அவர் தட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஐயா எந்த அறையில் படுப்பார், கூட யார் படுப்பார்கள், இரவில் ஜன்னல் திறந்திருக்குமா, பகலில் எங்கே எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருப்பார் என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். இருமும்போது வெளிவரும் நுண்துளி மூடிய அறையில் மணிக்கணக்கில் மிதக்கும், அதை மூச்சில் இழுத்தால்தான் தொற்று, எச்சில் தம்ளரால் இல்லை என்றார். அம்மா அந்தத் தம்ளரைப் பார்த்தார். எடுத்த இடத்தில் திருப்பி வைக்கவும் மனம் வரவில்லை.

வீட்டில் நான்கு பெயர் எழுத ஐந்து நிமிடம் ஆகவில்லை. "வேலை செய்யும் இடம்?" என்றதும் அப்பா சுவரைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

அப்பா ஜாக்கெட் தைப்பவர். பழைய வண்ணாரப்பேட்டையில், பத்துக்கு எட்டு அறை, மூன்று மிஷின், ஒரு மின்விசிறி. பின்பக்க ஜன்னலை மறைத்துத் துணி மூட்டைகள். உருப்படிக்குக் கூலி. "தெரிந்தால் என் மிஷினைத் தூக்கித் தெருவில் வைத்துவிடுவான்" என்றார், அந்தப் பெண் போன பிறகு. நானும் வற்புறுத்தவில்லை. நோய் போதாதென்று கூலியும் போக வேண்டுமா என்றுதான் எனக்கும் தோன்றியது.

எங்கள் பரிசோதனைகள் வரிசையாக நடந்தன. எல்லோருக்கும் எக்ஸ்ரே. முழங்கைக்குக் கீழே தோலில் ஒரு சின்ன ஊசி. இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார்கள். என் கை நன்றாகச் சிவந்திருந்தது. நர்ஸ் சிவப்பைக் கண்டுகொள்ளவில்லை. விரல் நுனியால் தடவி, தடிப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பால்பாயின்ட் பேனாவால் இரண்டு கோடு போட்டு, ஸ்கேல் வைத்து அளந்தார். 14 மில்லிமீட்டர். எக்ஸ்ரே சுத்தம். கிருமி உள்ளே இருக்கிறது, நோய் இல்லை. இப்படி இருப்பவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் வாழ்நாளில் நோயாக மாறுமாம், அதிலும் பெரும்பகுதி முதல் இரண்டு வருடத்திலாம். எனக்கு வாரம் ஒரு நாளாக 12 வாரம் தடுப்பு மருந்து. மகளுக்கு ஆறு மாதம் தினமும் ஐசோனியாசிட், தண்ணீரில் கரைத்து.

"பிறந்ததுமே பி.சி.ஜி. காசநோய்த் தடுப்பூசி போட்டாயிற்றே, இவளுக்கு எதற்கு?" என்று மருத்துவரிடம் கேட்டேன். சண்டை போடும் குரலில்தான். அந்த ஊசி குழந்தைகளை மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான வகைகளிலிருந்து காக்கும், நுரையீரல் காசநோயை உறுதியாகத் தடுக்காது என்றார். நுரையீரல் நோயைத் தடுக்கவில்லை என்று தெளிவாகக் காட்டியது நம் செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968-ல் தொடங்கிய ஆய்வு. லட்சக்கணக்கானவர்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தார்கள் என்றார். வீட்டில் சொன்னபோது அம்மா நிமிர்ந்தார். அவர் பிறந்த ஊர் திருவள்ளூர்ப் பக்கம். அன்றைக்கு அதுவும் செங்கல்பட்டு மாவட்டம். சிறுமியாக இருந்தபோது ஊருக்கு வேன் வந்ததும், எல்லோரையும் வரிசையில் நிறுத்திக் கையில் ஊசி போட்டதும், பெரியவர்களை எக்ஸ்ரே எடுத்ததும் அவருக்கு நினைவிருக்கிறது. எதற்கென்று அறுபது வயது வரை யாரும் சொல்லவில்லை.

அதே மருத்துவர்தான் இன்னொன்றும் சொன்னார். அப்பாவைக் கொஞ்ச நாள் எங்காவது சேர்த்துவிடலாமா என்று நான் மெதுவாகக் கேட்டதற்குப் பதிலாக. 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையத்தில் இதையே சோதித்திருக்கிறார்கள். ஒரு பாதி நோயாளிகள் சானடோரியத்தில், அதாவது காசநோயாளிகளைத் தங்கவைக்கும் மருத்துவமனையில், மறு பாதி நெரிசலான தங்கள் வீடுகளிலேயே, இரு தரப்புக்கும் ஒரே மருந்து. ஓராண்டு முடிவில் குணமானவர்கள் இரு பக்கமும் ஏறக்குறைய சமம். வீட்டாரை ஐந்தாண்டு கவனித்தும், நோயாளியை வீட்டிலேயே வைத்திருந்த குடும்பங்களில் நோய் கூடுதலாக வரவில்லை. ஆபத்தில் பெரும்பகுதி மருந்து தொடங்கும் முன்பே நடந்து முடிந்திருந்தது. தாம்பரத்துக்கு முந்தைய ரயில் நிலையத்தின் பெயரில் சானடோரியம் இன்னும் இருக்கிறது.

பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு வீடு நினைவுக்கு வரவில்லை, கடைதான் வந்தது. நாங்கள் மருந்து சாப்பிடுகிறோம். அந்த அறையில் இருக்கும் மற்ற இருவர்?

அன்றிரவு அப்பாவிடம் அதை மட்டும் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. காலையில் எழுந்து, "அந்தப் பெண்ணுக்குப் போன் போடு" என்றார். தன் பெயர் வரக்கூடாது என்று மூன்று முறை சொன்னார். வராது என்று அந்தப் பெண்ணும் மூன்று முறை சொன்னார். அந்தத் தெரு முழுவதற்குமே இருமல் பரிசோதனை முகாம் ஒன்று நடந்தது.

அப்பாவுக்கு முதல் இரண்டு மாதம் தினமும் மூன்று மாத்திரை. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனதைப் பார்த்து ரத்தம் என்று அலறினார். அது மருந்தின் நிறம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள், காதில் விழவில்லை. மாதம் ஆயிரம் ரூபாய் உதவித்தொகையை முட்டைக்கும் நிலக்கடலைக்கும் செலவழித்தார். நான்காம் மாதம் எடை 50 தாண்டியது, மாத்திரையும் ஒன்று கூடியது.

ஒரு நாள் மாத்திரை வாங்கும் வரிசையில் அவருக்கு முன்னால் கடைப் பையன் நின்றிருந்தானாம். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு ஒன்றும் பேசவில்லையாம். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று சுகாதாரப் பணியாளரிடம் கேட்டேன். "படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை அக்கா" என்றார்.

ஆறாம் மாதம் சளியில் கிருமி இல்லை. அப்பா கடைக்குப் போகிறார். ஜன்னலை மறைத்த மூட்டைகளை அவரும் பையனுமாக நகர்த்தியிருக்கிறார்கள். சாரல் அடித்து ஜாக்கெட் துணி நனைகிறது என்று முதலாளி தினமும் திட்டுகிறாராம்.