800 ரூபா ஆட்டோவும் ஒரு பானைக் குப்பையும்

திருகோணமலைக் கண்காட்சி ஒன்றுக்குப் போய் வந்ததைப் பற்றி, போகும் வழி, செலவு, சாப்பாடு என்று வரிசையாக எழுதத்தான் நினைத்தேன். ஆனால் ஆட்டோக்காரரைப் பற்றிச் சொல்லாவிட்டால் நெஞ்சு ஆறாது.

திருகோணமலை பஸ் நிலையத்திலிருந்து உப்புவெளிக்கு 1200 ரூபா கேட்டார். "அண்ணா, நான் மட்டக்களப்பு, வெள்ளைக்காரி இல்ல" என்றேன். "பெற்றோல் விக்கிற விலையில, தங்கச்சி..." என்று இழுத்து 800க்கு இறங்கினார். மீற்றர் பெட்டி சாமிப் படத்துக்குப் பக்கத்தில் துணி போர்த்தித் தூங்கிக்கொண்டிருந்தது. திரும்பும்போது இன்னொருவர் 450தான் வாங்கினார். மாதக் கடைசியில் 350 ரூபா என்பது எனக்கு ஒரு நேரச் சாப்பாடு.

பஸ்ஸைப் பற்றிப் பெரிதாக ஒன்றுமில்லை. வெருகல், மூதூர் வழியாக வருவதென்றால் அந்தக் காலத்தில் துறைக்குத் துறை இறங்கி 'பாதை' என்கிற மிதவையில் ஏறிக் கடக்கவேண்டும் என்று அம்மா சொல்வார். 2009இல் திறந்த கிண்ணியாப் பாலத்தை நான் தூங்கிக்கொண்டே கடந்தேன்.

சரி, கண்காட்சிக்கு வருகிறேன். சூழலைக் கெடுக்காத, நிலைபேறான வாழ்வு பற்றியது. அழைப்பில் 9 மணி, மங்கள விளக்கு ஏற்றும்போது பத்தேகால். புறாத்தீவைப் பற்றிப் பேசியவர் நன்றாகவே பேசினார். 2003இல் தேசியப் பூங்காவான இடத்தில், நீந்திக் களைத்தவர் வசதியாகக் கால் ஊன்றி நிற்கும் 'கல்' உயிருள்ள பவளம், ஆட்களைப் படகில் ஏற்றும் முன்பே அதைச் சொல்லுங்கள் என்றார். கைதட்டினேன். ஆனால் அவருக்கு முன்னால் மேசை நிறையப் பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தல்கள்! ஒரு மண்கூசாவும் நாலு குவளையும் கிடைக்காத ஊரா இது?

மேடையை விட்டுப் பின்பக்கம் போனதுதான் அன்றைக்கு நான் செய்த நல்ல வேலை. வேப்பமர நிழலில், கந்தளாய்ப் பக்கம் வயல் செய்கிற அக்கா ஒருவர் கூட்டுப்பசளை போடக் காட்டிக்கொண்டிருந்தார். 2021இல் அரசாங்கம் இரசாயனப் பசளையை ஒரேயடியாக நிறுத்தியபோது, "சேதனப் பசளை போடு எண்டாங்கள், எப்படிச் செய்யிற எண்டு ஒருத்தரும் சொல்லித் தரேல்ல" என்றார். தானே பழகிக்கொண்டாராம். காய்ந்த இலை ஒரு படை, சமையலறைக் கழிவு ஒரு படை, நடுவில் கிளிசரியா இலையும் சாணிக் கரைசலும். முன்பே போட்டிருந்த குவியலுக்குள் செருகிய இரும்புக் கம்பியை உருவி என் கையில் தந்தார். சுட்டது, கீழே போட்டுவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். "சூடு இருந்தா உள்ளுக்க வேலை நடக்குது, மகள்." ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் ஒன்றிரண்டு துளி கசியவேண்டும், ஒழுகினால் காய்ந்த இலை போதாது. வீட்டில் பானையில் பசளை போடுவதென்றால் மீன் கழிவை அதில் போடவே கூடாது, நாய் வரும். தென்னையடியில் ஆழமாகப் புதைக்கவேண்டும்.

அப்புறம் சாப்பாடு. பெண்கள் சங்கத்துக்காரர் வாழையிலையில் போட்ட சிவப்பரிசிச் சோறு, பாரை மீன் குழம்பு, வல்லாரைச் சம்பல், முருங்கையிலை வறை. குழம்பில் கொறுக்காய்ப்புளி நாக்கின் ஓரத்தைப் பிடித்தது. இரண்டாம் முறை சோறு கேட்டேன், முகம் சுளிக்காமல் போட்டார்கள். விலை? ஆட்டோக்காரர் கூடுதலாக வாங்கிய அதே 350.

மாலையில் கோணேஸ்வரத்துக்கு நடந்தேன். பிரட்றிக் கோட்டை வாசலுக்குள் ஒரு புள்ளிமான் சோறு சுற்றும் பொலித்தீன் லஞ்ச்சீற்றை மென்றுகொண்டு நின்றது. 2017இல் தடை செய்த சாமான்! இழுத்தெடுக்கப் பார்த்தேன், கொம்பை ஆட்டியது, பின்வாங்கினேன். கண்காட்சியை இந்த வாசலில் அல்லவா வைத்திருக்கவேண்டும்.

அக்காவிடம் 900 ரூபாவுக்குப் பசளைப் பானை ஒன்று வாங்கி, மடியில் வைத்தே ஊர் வந்து சேர்ந்தேன். இதை எழுதும்போது கையெல்லாம் மண். நான் எழும்புவதற்கு முன்பே அம்மா சூடை மீன் தலை முழுவதையும் பானைக்குள் கொட்டியிருந்தார். தென்னையடியில் பாதிக் குழிதான் வெட்டி முடிந்திருக்கிறது.