ஐந்தடி இறங்கிய வீடு

"எவ்வளவு இறங்கிச்சுன்னு சொன்னீங்க?"

"ஐந்தடி."

"எங்க தெருவும்தான் இறங்கிச்சு. அதைப் பார்க்க யாரும் டிக்கெட் வாங்கலை."

வேல்ஸில் ரெக்ஸம் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் எர்த்திக் மாளிகையைச் சுற்றிக்காட்டுவது என் வேலை. வந்த கூட்டத்தில் ஒருவர் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ரெக்ஸம் பக்கத்துக்காரர். 1986 டிசம்பரில் மூடும்வரை பெர்ஷம் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். நான் என்ன பதில் சொன்னேன் என்பதைப் பல விதமாக நினைத்துப் பார்க்கிறேன். உண்மையில் சொன்னது இதுதான்: "இது முன்னூறு வருஷத்துக்கு மேல் பழைய வீடு ஐயா." அவர் "சரி" என்றார். கூட்டம் அடுத்த அறைக்கு நகர்ந்தது.

நான் சொன்னதில் பொய் இல்லை. 1680களில் ஜோஷுவா எடிஸ்பரி எர்த்திக் மாளிகையைக் கட்டத் தொடங்கினார், கடனில் மூழ்கினார். லண்டன் வக்கீல் ஜான் மெல்லர் வாங்கி இரண்டு பக்கமும் நீட்டினார். 1733-ல் அது அவருடைய சகோதரி மகன் சைமன் யோர்க்குக்குப் போனது. அதன்பின் வாரிசுகள் எல்லோரும் சைமன், இல்லையென்றால் பிலிப். கடைசி பிலிப் 1966-ல் பொறுப்புக்கு வந்தபோது வீட்டுக்குள் மின்சாரம் இல்லை, கூரை ஒழுகியது, அடியில் நிலக்கரி வெட்டியதில் கட்டடம் சாய்ந்துகொண்டிருந்தது. 1973-ல் அவர் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பிடம் வீட்டை ஒப்படைத்தார். சுரங்கத்தை நடத்திய அரசு நிலக்கரி வாரியம் தந்த 1,20,000 பவுண்டு நஷ்ட ஈடு போதவில்லை. பூங்காவில் 63 ஏக்கரை விற்றுத்தான் பழுதுபார்த்தார்கள்.

பஸ்ஸில் வருகிறவர்களுக்கு இந்தக் கதை பிடிக்கும், ஏனென்றால் அதில் ஒரு வில்லன் உண்டு. சுரங்கம்தான் வில்லன். வில்லனுக்கு முகம் இருக்காது என்று நினைத்துச் சொல்லிக்கொண்டு போகிறோம். அன்று கூட்டத்தில் ஒரு முகம் இருந்தது.

இன்னொன்றும் உறுத்துகிறது. எர்த்திக்கின் பெருமையே வேலைக்காரர்கள்தான். மற்ற மாளிகைகளில் சுவரெல்லாம் பிரபுக்கள் தொங்குவார்கள். இங்கே கீழ்த்தளத்தில் தச்சரும் வேட்டைக் காவலரும் சமையலறை ஆளும் தொங்குகிறார்கள். 1793-ல் வரைந்த ஜேன் எப்ரல் என்ற கிழவியின் படத்தின் முன்னால் எப்போதும் கொஞ்சம் நிறுத்திப் பேசுவேன். 87 வயது, ஒட்டடை அடிக்கிறவள், கையில் துடைப்பம். எஜமான் எழுதிய பாட்டும் படத்திலேயே இருக்கிறது. பிறகு புகைப்படம் வந்ததும் எல்லோரையும் அவரவர் கருவியோடு வாசற்படியில் நிறுத்தி எடுத்தார்கள். உழைத்தவனை மதித்த வீடு என்று நான் சொன்னால் கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். இதே வீடுதான் 1907-ல் தன் சமையல்காரி எலன் பென்கெத்தைத் திருட்டுக் குற்றத்துக்காகக் கோர்ட்டுக்கு இழுத்தது, ஜூரி அவரை விடுவித்தது என்பதை நேரம் இருந்தால் மட்டும் சொல்வேன்.

பாட்டு எழுதியது எஜமான். ஜேன் எதுவும் எழுதவில்லை. சரி, ஆனால் அந்தப் பாட்டும் இல்லையென்றால் அவளை யாருக்குத் தெரியும்? இப்படி என்னையே சமாதானப்படுத்திக்கொள்வேன். அடுத்த நிமிஷமே, துடைப்பம் பிடித்தவளுக்குப் படம் உண்டு, அதே வீட்டுக்குக் கீழே மண்வாரி பிடித்தவனுக்குச் சேதக் கணக்கில்தான் இடம் என்பது நினைவுக்கு வரும். அந்தப் பெர்ஷம்காரர் யோர்க் வீட்டு வேலையாள் இல்லை, சுரங்கம் அரசாங்கத்துடையது, எங்கே வெட்டுவது என்று முடிவெடுத்ததும் அவர் இல்லை. நியாயம்தான். அதையாவது நான் சொல்லியிருக்கலாமோ?

வெளியே பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அவரே பக்கத்தில் வந்து தன் வீட்டுக் கதவைப் பற்றிச் சொன்னார். நிலம் இறங்க இறங்க நிலை கோணும், கதவு இடிக்கும். கழற்றி மேல் விளிம்பை இழைத்து மாட்டுவாராம். கொஞ்ச நாளில் திரும்ப இடிக்கும், திரும்ப இழைப்பு. கடைசியில் கதவின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட நன்றாகவே குட்டை. "நிலையில் இருக்கும்போது நேராத்தான் தெரியும். கழற்றிச் சுவரில் சாய்த்தால்தான் கோணல்." உள்ளங்கையைச் சரித்து அந்தச் சாய்வைக் காட்டினார். கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அதன்பின் அந்தக் கதவை என் பேச்சில் சேர்த்தேன். நேரம் வேண்டுமே, அதற்காக 1770களில் கட்டடக் கலைஞர் ஜேம்ஸ் வையட் மாளிகையின் மேற்கு முகப்பின் செங்கலுக்குக் கல் போர்த்திய பகுதியை வெட்டினேன். மழையும் காற்றும் நேரே அடிக்கும் பக்கம் அது. சொன்னால் சுவையான விஷயம்தான், ஆனாலும் வெட்டினேன். சிலர் கதவுக் கதையைக் கவனித்துக் கேட்டார்கள். ஒரு பெண்மணி, மாளிகையைப் பார்க்க வந்த இடத்தில் அரசியல் எதற்கு என்றார். அரசியல் இல்லை, தச்சு வேலை என்றேன். அவர் சிரிக்கவில்லை.

போன மாதம் வந்த குழுவில் ஓய்வுபெற்ற கட்டடக் கலைஞர்கள் சிலர் இருந்தார்கள். மேற்கு முகப்பைத் தாண்டும்போதே ஒருவர் வையட்டைப் பற்றிக் கேட்டுவிட்டார். சொன்னேன், நன்றாகவே சொன்னேன். கதவுக்கு நேரம் இல்லாமல் போனது. நேரம் இருந்திருந்தாலும் அவர்களிடம் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை.